ஒரு பெட்டியும் ஐந்து அலுவலகங்களும்

அறிவுச் சொத்துரிமையைக் காப்பதில் அரசாங்க இலாகாக்கள் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்யவேண்டியதைப்பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். பொருளின் பெயரைக் கேட்டதுமே, இது வழக்கறிஞர்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் உரிய சங்கதி என்று எண்ணிச் சிலர் வானொலியின் காதைத் திருகிவிடக்கூடும். அவ்வாறு செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஓட்டிச்செல்லும் மோட்டார் சைக்கிளின் பிரேக் ஷூ, குழந்தைக்கு ஊட்டும் காய்ச்சல் மருந்து, அடுப்படியில் எரியும் பல்பின் ஹோல்டர், இவற்றின்மேல் அச்சிட்டிருக்கும் பெயர் மெய்யா பொய்யா என்பதே இப்பேச்சின் உட்பொருள்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருவர் உழைத்து நற்பெயர் ஈட்டிய சரக்கின்மேல் பொறிக்கும் அடையாளம் வர்த்தகச் சின்னம். எழுதிய நூல், அமைத்த பாட்டு, எடுத்த திரைப்படம் ஆகியவற்றின்மேல் ஆக்கியோனுக்குள்ள உரிமை பதிப்புரிமை. புதிதாகக் கண்டுபிடித்த கருவிக்கோ செய்முறைக்கோ குறித்த காலம்வரை அரசாங்கம் அளிக்கும் தனியுரிமை காப்புரிமை. பேடண்ட் என்று வழங்குவது இதுவே. காஞ்சிபுரம் பட்டு என்பதுபோல் ஓர் ஊரின் பெயரோடு பிறந்த சரக்கின்மேல் அதைச் செய்வோருக்குள்ள உரிமை புவிசார் குறியீடு. நிலத்தை வேலியிட்டுக் காக்கலாம். நகையைப் பெட்டியிலிட்டுப் பூட்டலாம். பெயரையும் பாட்டையும் பூட்டிவைக்க இயலாது. ஊரெங்கும் உலவவிட்டால்தான் அவற்றால் பயன். ஆகவே அவற்றைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு அரசாங்கத்தின்மீது விழுகிறது. அரசாங்கம் என்றால் எந்த அலுவலகம்? தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

நான் ராயபுரத்துவாசி. சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜெண்டு ஒருவரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். எங்கள் பகுதியின் வாழ்வே சரக்குப் போக்குவரத்தோடு பின்னியது. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கள் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் தோன்றியது. 2001-இல் எண்ணூரில் மற்றொரு துறைமுகம் திறக்கப்பட்டது. காமராசர் துறைமுகம் என்று இப்போது பெயர் கொண்டிருப்பது அதுவே. பின்னர் காட்டுப்பள்ளியும் சேர்ந்துகொண்டது. ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. மற்றொருபுறம், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மோட்டார் வாகனங்களும் டயர்களும் செய்யும் பெயர்பெற்ற தொழிற்சாலைகள் தோன்றின. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுத்துப் பிழைக்கும் சிறு பட்டறைகளும் பெருகின. ஆதலால் வெளியிலிருந்து போலிச் சரக்கு நுழையக்கூடிய வாயிலும், அதனால் நஷ்டமடையக்கூடிய உழைப்பாளியின் வீடும் இங்கே ஒரே தெருவில் இருக்கின்றன எனலாம்.

காவல் அலுவலகங்களும் தொலைவில் இல்லை. ராஜாஜி சாலையிலே சுங்க மாளிகை இருக்கிறது. அதன் அருகிலேயே வடக்குக் கடற்கரைப் போலீஸ் நிலையம். சற்றே நடந்தால் உயர்நீதிமன்றம். வர்த்தகச் சின்னங்களையும் காப்புரிமைகளையும் பதிவு செய்யும் அலுவலகம் கிண்டியில் உள்ளது. இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான். மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டையில். சாலை வழியே அளந்தால் ராயபுரத்திலிருந்து இவற்றுள் எதுவும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இராது. ஆனால் கோப்பு வழியே அளந்தால் ஒன்றுக்கொன்று இடையே உள்ள தூரம் சில சமயம் மாதக்கணக்கில் நீண்டுவிடுகிறது.

ஒரு பெட்டியின் கதையை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து ஒரு கன்டெய்னர் வந்திறங்குகிறது. உள்ளே பைகள் என்று இறக்குமதியாளர் தாக்கல் செய்த பத்திரம் சொல்லுகிறது. ஐயம் கொண்ட அதிகாரி திறந்து பார்க்கிறார். பைகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின்மேல் புகழ்பெற்ற ஒரு கம்பெனியின் சின்னமும் இருக்கிறது. தைத்திருக்கும் தையலோ அந்தக் கம்பெனியின் தையலாகத் தோன்றவில்லை. அதிகாரி என்ன செய்வார்?

1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வர்த்தகச் சின்னம், பதிப்புரிமை, காப்புரிமை ஆகியவற்றைக் காக்கும் பொருட்டு இறக்குமதியைத் தடுக்க மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. உலக வர்த்தக நிறுவனத்தின் அறிவுச் சொத்து உடன்படிக்கை 1995-இல் நடைமுறைக்கு வந்தபின், எல்லையிலேயே போலிச் சரக்கைத் தடுக்கும் முறையை ஒவ்வொரு நாடும் அமைத்துக்கொள்ளவேண்டியதாயிற்று. அதற்கிணங்க 2007-ஆம் ஆண்டு மே மாதம் நம் நாட்டில் தனி விதிகள் பிறந்தன. அவற்றின்படி உரிமையாளர் இரண்டாயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தித் தம் உரிமையைச் சுங்க இலாகாவிலே முன்கூட்டிப் பதிந்து வைக்கலாம். ஐயத்துக்குரிய சரக்கு வந்தால், அதிகாரி அதை நிறுத்திவைத்து உரிமையாளருக்கும் இறக்குமதியாளருக்கும் அறிவிப்பார். உரிமையாளர் பத்து வேலை நாட்களுக்குள் வழக்கில் வந்து சேர்ந்துகொள்ளவேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் பத்து நாட்கள் கிடைக்கும். கெட்டுப்போகும் சரக்கானால் மூன்று நாட்கள். நீட்டித்தால் மேலும் நான்கு. அதற்குள் வராவிட்டால், வேறு குற்றமில்லாத பட்சத்தில், சரக்கை விட்டுவிடவேண்டியதுதான். உரிமையைப் பதியாத ஒருவரின் சரக்கை அதிகாரி தாமாகவே நிறுத்தினால், அவ்வுரிமையாளர் ஐந்து நாட்களுக்குள் விழித்துக்கொண்டு செயற்படவேண்டும்.

இந்த நாட்கணக்கை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டு முயற்சி என்ற சொல்லை மாநாடுகளிலே அடிக்கடி கேட்கிறோம். துறைமுகத்தில் அதன் பொருள் பத்து நாள். சில சமயம் ஐந்தே நாள். அதற்குள் சின்னம் யாருடையது என்று பதிவகம் சொல்லவேண்டும். சரக்கு அசலா என்று உரிமையாளர் பார்த்துச் சொல்லவேண்டும். இதன் பின்னால் யார் என்று போலீஸார் விசாரிக்கத் தொடங்கவேண்டும். ஒருவர் தாமதித்தாலும் மற்றவர்களின் உழைப்பு வீணாகும்.

தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் பல சமயங்களில் குற்றமற்றவராகவும் இருக்கிறார். என் வேலைக்காலத்தில் பொத்தானும் பையும் தருவித்து விற்ற ஒரு சிறு வியாபாரியின் கன்டெய்னர் இவ்வாறு நின்றது. கலவைச் சரக்கு, அதில் ஒரே ஒரு அட்டைப்பெட்டியின்மீதுதான் ஐயம். சின்னத்துக்கு உரிய கம்பெனியார் கடிதத்துக்குப் பதிலே எழுதவில்லை. கெடு முடிந்து சரக்கு விடுபட்டது. ஆனால் அதற்குள் கப்பல் கம்பெனிக்குச் செலுத்தவேண்டிய கன்டெய்னர் தாமதக் கட்டணம் அவருடைய லாபத்தை விழுங்கிவிட்டது. தீபாவளிச் சந்தையும் கடந்துவிட்டது. அவர் நல்லவரா தீயவரா என்பதை எவரும் விசாரித்து முடிவு சொல்லவில்லை. கேட்கவேண்டிய கேள்வியை உரியவர் உரிய காலத்தில் கேட்காமற்போனால், நியாயம் இரு தரப்பாருக்கும் கிடைப்பதில்லை.

இதைத் தடுக்கவே விதிகளில் பிணை என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சரக்கை நிறுத்தச் சொல்லும் உரிமையாளர் அதன் மதிப்பில் 110 சதவீதத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அதில் கால்பங்குக்கு ஈடும் வைக்கவேண்டும். குற்றச்சாட்டு பொய்த்தால் இறக்குமதியாளரின் நஷ்டத்துக்கு அது பொறுப்பு. போலி என்று முடிவானால், அழிப்பதற்கும் அதுவரை வைத்திருப்பதற்கும் ஆகும் செலவும் உரிமையாளரைச் சேர்ந்தது. அழிக்கும்வரை காவல் வேண்டும் என்பதையும், போலிச் சரக்கை அப்படியே திருப்பி ஏற்றுமதி செய்ய இடமில்லை என்பதையும் விதி கண்டிப்பாகச் சொல்லுகிறது. முறையான ஏற்பாடுதான். ஆயினும் பத்திரமும் ஈடும் பெரிய கம்பெனிக்குச் சுமையல்ல. திருவொற்றியூர்ப் பட்டறைக்காரருக்குச் சுமை.

இனிப் போலீஸ் இலாகாவுக்கு வருவோம். இங்கே சட்டம் இரண்டு விதமான கதவுகளை வைத்திருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி, சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரி எவரும் வாரண்டு இல்லாமலே திருட்டுப் பிரதிகளைக் கைப்பற்றலாம். அக்குற்றம் போலீஸார் நேரே வழக்குப் பதியக்கூடியது என்று 2022-ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் 1999-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு வேறுவிதம். டெபுடி சூப்பிரண்டெண்டு பதவிக்குக் குறையாதவர்தான் சோதனையிடலாம். அவரும் சோதனைக்கு முன்பே பதிவாளருடைய கருத்தைக் கேட்டுப் பெறவேண்டும். பெற்ற கருத்துக்குக் கட்டுப்படவும் வேண்டும்.

சட்டம் செய்தவர்கள் இதை வீணுக்கு எழுதவில்லை. இரண்டு சின்னங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்பது நுணுக்கமான கேள்வி. அதைத் தடி ஏந்தியவர் தீர்மானிப்பதைவிட, பதிவேட்டைப் புரட்டிப் பழகியவர் தீர்மானிப்பது நலம். கருத்து நல்லது, ஆனால் பதிவாளர் எத்தனை நாளில் கருத்துச் சொல்லவேண்டும் என்பதற்கு அப்பிரிவு காலவரையறை விதிக்கவில்லை. கிடங்கிலே இருக்கும் போலிச் சரக்குக்கோ கால் முளைத்துவிடும். இன்று ராயபுரத்துக் கிடங்கில் இருப்பது, கடிதம் கிண்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று மாவட்டங்களுக்குப் பிரிந்து போய்விடலாம்.

இலாகாக்கள் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தியும் பயன் முழுமையாகக் கிட்டாமற்போவதற்குத் திருட்டு சினிமாப் பிரதிகளின் வரலாறு சான்று. சுங்க மாளிகை இருக்கும் அதே ராஜாஜி சாலையில் உள்ளது பர்மா பஜார். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய நம்மவர்களின் பிழைப்புக்காக ஏற்பட்ட கடைவரிசை அது. பிற்காலத்தில் அங்கும் நகரின் வேறு பல கடைத்தெருக்களிலும் திருட்டுச் சிடிக்கள் பெருகின. தமிழ்நாடு போலீஸில் இதற்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தையே திருத்தி, திருட்டு வீடியோக்காரரையும் அதில் சேர்த்தார்கள். விசாரணையின்றி ஓராண்டுவரை காவலில் வைக்க இடந்தரும் சட்டம் அது.

படம் எடுத்தவரின் நஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கி எடுத்த படம், வெளியான மறுநாளே நடைபாதையில் சில ரூபாய்க்குக் கிடைத்தால் எவர் பொறுப்பார்? ஆயினும் சிடிக்களைக் கூடையில் வைத்து விற்றவரைப் பிடிப்பது எளிது. அந்தப் படம் எந்தத் திரையரங்கில், எந்த ஆய்வகத்தில் களவு போயிற்று என்று கண்டுபிடிப்பதுதான் அரிது. அதற்குத் தயாரிப்பாளர், திரையரங்கு உரிமையாளர், போலீஸார், தணிக்கை வாரியம் ஆகிய எல்லோரும் தகவல்களைப் பரிமாறிக்கொள்ளவேண்டும். பிற்பாடு கடைத்தெருச் சிடி மறைந்ததற்குச் சட்டத்தைக் காட்டிலும் கைப்பேசியே பெரிய காரணம் என்பேன். களவு மட்டும் மறையவில்லை. இணையத்துக்கு வீடு மாறியது. 2023-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தம், திரையரங்கில் கள்ளத்தனமாகப் படம் பிடிப்போருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதமும் விதிக்கிறது. அவ்வாண்டு நவம்பரில் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், புகார் பெற்று 48 மணி நேரத்தில் திருட்டுப் படங்களை இணையத்திலிருந்து நீக்க உத்தரவிடும் தனி அதிகாரிகளை நியமித்தது. யாரிடம் போவது, எத்தனை மணி நேரத்தில் பதில் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொன்ன ஏற்பாடு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

இலாகாக்கள் இசையாமையால் வரும் கேட்டை இதுவரை சொன்னேன். ஓர் இலாகா மற்றோர் இலாகாவின் கேள்விக்குத் தானே விடை சொல்லப் புகுந்தால் வரும் கேட்டையும் சொல்லவேண்டும். அதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு.

ஒரே கைப்பேசியில் இரண்டு சிம் கார்டுகளைப் பொருத்தும் முறைக்கு மதுரையைச் சேர்ந்த ஒருவருக்கு 2008-இல் காப்புரிமை கிடைத்தது. அவர் 2007-ஆம் ஆண்டு விதிகளைக் கொண்டு சுங்க இலாகாவிடம் முறையிட்டார். இதன் விளைவாக 2009 முதல், நம் சென்னை உட்படப் பல இடங்களில், இரண்டு சிம் கைப்பேசிகளின் இறக்குமதிக்குத் தடை நேர்ந்தது. பெரிய கம்பெனிகளும் சிறிய கம்பெனிகளும் நீதிமன்றங்களுக்கு அலைந்தன. இறுதியில் 2012-இல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையையே நீக்கிவிட்டது.

இங்கே எவரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. உரிமை பெற்றவர் சட்டம் கொடுத்த கருவியைக் கையாண்டார். அதிகாரி தம்முன் இருந்த விதியைக் கையாண்டார். ஆனால் பையின்மேல் உள்ள சின்னம் போலியா என்பதைக் கண்ணால் பார்த்து ஓரளவு சொல்லலாம். ஒரு கைப்பேசியின் உள்ளமைப்பு மற்றொருவரின் கண்டுபிடிப்பை மீறுகிறதா என்பதையும், அந்தக் கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்பதையும் சரக்குக் கிடங்கில் நின்றுகொண்டு சொல்ல முடியுமா? சொல்ல முடியாது என்பதை மத்தியச் சுங்க வாரியமே உணர்ந்திருந்தது. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் மாதச் சுற்றறிக்கையில், காப்புரிமை போன்றவற்றில் நீதிமன்றம் முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தாலன்றி மிகுந்த எச்சரிக்கையோடு நடக்கவேண்டும் என்று அது அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. அந்த எச்சரிக்கை விதியாக மாற மேலும் பதினோர் ஆண்டுகள் ஆயின. 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம்தான் காப்புரிமையைச் சுங்க விதிகளிலிருந்து நீக்கினார்கள். மேல்முறையீட்டு வாரியமும் 2021-இல் கலைக்கப்பட்டது. அதன் பணி உயர்நீதிமன்றங்களுக்கு வந்து சேர்ந்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் இதற்கெனத் தனிப் பிரிவு அமைத்துக்கொண்டது.

இதே தவறு கடல் கடந்து நமக்கு எதிராகவும் நேர்ந்ததுண்டு. 2008-ஆம் ஆண்டு டிசம்பரில், இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற இரத்த அழுத்த மருந்தை, வழியிலே நெதர்லாந்துச் சுங்க அதிகாரிகள் நிறுத்திவைத்தார்கள். புறப்பட்ட நாட்டிலும் போய்ச் சேரும் நாட்டிலும் அம்மருந்துக்குக் காப்புரிமைத் தடை இல்லை. இடையிலே கடந்து செல்லும் நாட்டில் மட்டுமே இருந்தது. 2010-ஆம் ஆண்டு மே மாதம் இந்தியாவும் பிரேசிலும் உலக வர்த்தக நிறுவனத்தில் முறையிட்டன. ராயபுரத்தில் நாம் ஓர் அதிகாரியின் கையில் எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்று யோசிக்கும்போது, மற்றொரு நாட்டின் துறைமுகத்தில் நம் மருந்துப் பெட்டி நிற்பதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

மருந்து என்றதும் ஒரு வேற்றுமையைத் தெளிவாக்கவேண்டும். காப்புரிமை முடிந்த மருந்தைக் குறைந்த விலையில் வேறொரு கம்பெனி முறைப்படி செய்வது போலியன்று. ஏழைகளுக்கு அது உயிர்காக்கும் உதவி. பிறர் பெயரைத் திருடி ஒட்டிக்கொண்டு வருவதுதான் போலி. மருந்துச் சட்டத்தின் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம், போலி மருந்தால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் பத்தாண்டுக்குக் குறையாமல் ஆயுள்வரை சிறை என்று விதிக்கிறது. 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னையை உலுக்கிய காலாவதி மருந்து வழக்கு பலருக்கு நினைவிருக்கலாம். கெடு முடிந்து கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போன மருந்துகளைத் திரட்டி, புதிய தேதி ஒட்டி மீண்டும் கடைக்கு அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. இதிலே குப்பையைக் கையாளும் மாநகராட்சி, மருந்து ஆய்வாளர், போலீஸார், மொத்த வியாபாரியின் கணக்கைப் பார்க்கும் வரி இலாகா என நான்கு கண்கள் இருந்தன. ஒவ்வொரு கண்ணும் தன் எல்லையை மட்டும் பார்த்தால், எல்லைக்கும் எல்லைக்கும் நடுவிலே ஒரு பாதை திறந்துகொள்கிறது.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? ஹாங்காங்கில் வர்த்தகச் சின்னம், பதிப்புரிமை இரண்டின் குற்ற விசாரணையையும் சுங்க இலாகா ஒன்றே ஏற்று நடத்துகிறது. துறைமுகத்தில் கண்ட தடயத்தைக் கடைத்தெருவரை அதே அதிகாரிகள் பின்தொடரலாம். லண்டன் நகரப் போலீஸில் 2013-இல் இதற்கெனத் தனிப் பிரிவு அமைத்தார்கள். நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டு மே மாதம் தேசிய அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை வெளியாயிற்று. அதையொட்டிச் சிதறிக் கிடந்த பொறுப்புகளை மத்தியத் தொழில் இலாகாவின்கீழ் ஒருங்கே கொண்டுவந்தார்கள். 2017-இல் போலீஸாருக்கென ஒரு கையேடும் வெளியிட்டார்கள்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் என் சிற்றறிவுக்கு எட்டிய யோசனைகள் சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, சுங்கம், போலீஸ், பதிவகம், மருந்துக் கட்டுப்பாடு ஆகிய ஒவ்வோர் அலுவலகத்திலும் இதற்கென ஒரே ஓர் அதிகாரி பெயர் குறித்து நியமிக்கப்படவேண்டும். இலாகாவுக்குக் கடிதம் எழுதினால் கோப்பு பிறக்கும். மனிதரோடு பேசினால் வேலை நடக்கும். அவர்கள் மாதம் ஒருமுறை ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் பாதித் தொல்லை தீரும்.

இரண்டாவது, போலீஸார் கேட்கும் கருத்துக்குப் பதிவாளர் இத்தனை நாளில் பதில் சொல்லவேண்டும் என்ற வரையறை வேண்டும். பதிவேடு முழுவதும் கணினியில் ஏறிவிட்ட காலத்தில் இது இயலாத காரியமன்று.

மூன்றாவது, போலிச் சரக்கை அழிப்பதோடு கோப்பை மூடிவிடக்கூடாது. வரவழைத்தவர் யார், பணம் கொடுத்தவர் யார், எந்தக் கிடங்குக்குப் போக இருந்தது என்ற தகவல் போலீஸாருக்குப் போய்ச் சேரவேண்டும். ஒரு பெட்டியை எரித்தால், அனுப்பியவன் அடுத்த பெட்டியை வேறு துறைமுகத்துக்கு அனுப்புவான். அவ்வளவே.

நான்காவது, தேர் இழுக்கும்போது வடம் பிடிப்பவர் எவ்வளவு வேண்டுமோ, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரும் அவ்வளவு வேண்டும். அதிகாரிகள் கூடிச் செயற்படும் வேகத்துக்கு நீதிமன்றமே முட்டுக்கட்டை. பெட்டி நிற்கும் நாட்களிலேயே கேட்டுத் தீர்க்கும் விரைவு அதற்கும் கைவரவேண்டும். தவறாக நிறுத்தப்பட்டவருக்கு நஷ்டஈடு ஏட்டில் மட்டும் இல்லாமல் கையிலும் கிடைக்கவேண்டும்.

ஐந்தாவது, சிறு தொழிலாளிக்கு உரியது. தம் பட்டறைச் சரக்குக்கு நல்ல பெயர் வாங்கியவர்கள் அந்தப் பெயரைப் பதியாமலே விட்டுவிடுகிறார்கள். தனி நபரும் சிறு தொழிலும் கணினி வழியே விண்ணப்பித்தால், 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு வகைச் சரக்குக்கு 4,500 ரூபாய்தான் கட்டணம். பெரிய கம்பெனிக்கு அதில் இருமடங்கு. பதிந்த சின்னம் இருந்தால்தான் மேலே சொன்ன அலுவலகங்களின் கதவு எளிதாகத் திறக்கும். சுங்கத்தில் கேட்கும் ஈட்டுத் தொகையைச் சிறு தொழிலுக்குக் குறைத்துக் கொடுக்கவும் அரசாங்கம் முன்வரவேண்டும். இல்லாவிடில் இந்தச் சட்டங்கள் அயல்நாட்டுக் கைப்பைகளைக் காக்கும். திருவொற்றியூர்ப் பிரேக் ஷூவைக் காவா.

நேயர்களே, இவற்றுள் நம் பங்கும் ஒன்று உண்டு. வாங்கும் பொருளுக்கு ரசீது கேளுங்கள். மருந்துப் பட்டையிலே செய்தவர் பெயர், தொகுதி எண், கெடு நாள் மூன்றையும் படியுங்கள். ஐயம் தோன்றினால் பொருளை எறிந்துவிடாமல் ரசீதோடு எடுத்துவைத்துப் புகார் கொடுங்கள். போலி என்று தெரிந்தே மலிவுக்காக வாங்குவோர் இருக்கும்வரை எந்த இலாகாவின் காவலும் முழுமை பெறாது.

சரக்கைப் பார்ப்பவர் சுங்க அதிகாரி. பெயரை அறிந்தவர் பதிவாளர். ஆளைத் தேடுபவர் போலீஸார். உடலுக்குத் தீங்கா என்று சோதிப்பவர் மருந்து ஆய்வாளர். நியாயத்தைத் தீர்ப்பவர் நீதிபதி. ஒவ்வொருவரும் தம் கேள்விக்குத் தாம் விடை கண்டு, அதை அடுத்தவர் கையில் நேரத்தோடு சேர்ப்பதே கூட்டு முயற்சி. அதற்குப் புதிய சட்டங்கள் அதிகம் வேண்டியதில்லை. இருக்கும் அலுவலகங்கள் ஒன்றையொன்று தொலைபேசியில் அழைத்துப் பேசும் பழக்கம் ஏற்பட்டாலே பெரும்பகுதி நிறைவேறும்.